4 அடி தொட்டிக்கு மரத்தில் ஸ்டாண்ட்: முன்பக்க நடுக்கால் இல்லாமல் செய்ய முடியுமா?

கௌராமி48

வணக்கம். 4×2×2 அடி தொட்டி, 12 மி.மீ. கண்ணாடி, மேலே கீழே பிரேம் கிடையாது. ஆர்டர் கொடுத்தாயிற்று, ஸ்டாண்ட் இன்னும் முடிவாகவில்லை. சென்னையில் இரண்டாம் மாடி ஃப்ளாட், ஹாலில் வைக்க வேண்டும். இரும்பு ஸ்கொயர் பைப் ஸ்டாண்ட் வீட்டில் ஒத்துக்கொள்ள மாட்டார்கள், ஆகவே மரம்தான்.

ஸ்டாண்ட் உயரம் 32 இன்ச். கீழே 30×14×15 இன்ச் சம்ப் (ஃபில்டரும் மோட்டாரும் இருக்கும் சின்னத் தொட்டி) உட்கார வேண்டும்.

ஆசாரி போட்டுக் கொடுத்த படம் இது: 18 மி.மீ. ப்ளைவுட்டில் பெட்டி. இரண்டு பக்கப் பலகைகளுக்கு நடுவில் மேல் பலகையை வைத்து, வெளியிலிருந்து 2 இன்ச் ஸ்க்ரூ. சம்ப் நுழைய வேண்டும் என்பதால் நடுவில் தடுப்பு எதுவும் இல்லை. பின்பக்கம் 6 மி.மீ. ப்ளை.

என் சந்தேகங்கள்:
1. இது தாங்குமா?
2. கட்டை மரத்தில் செய்தால் எந்த அளவு, எவ்வளவு மரம்?
3. முன்பக்கம் நடுவில் கால் கொடுத்தால் சம்ப் நுழையாது. கால் இல்லாமல் விடலாமா?
4. தொட்டிக்கு அடியில் தெர்மாகோல் அவசியமா?

---

இழைப்புளி

முதலில் எடை. 4×2×2 என்றால் 16 கன அடி, கன அடிக்கு 28.3 லிட்டர். விளிம்பு வரை 453 லிட்டர். மேலே 2 இன்ச் விட்டு, கண்ணாடித் தடிமனைக் கழித்தால் தண்ணீர் ஏறக்குறைய 380 கிலோ. 12 மி.மீ. கண்ணாடி சதுர அடிக்கு 2.8 கிலோ. அடி, நான்கு பக்கம் சேர்த்து 32 சதுர அடி, அதாவது 90 கிலோ. 2 இன்ச் மணல் 60 கிலோ. கல், கட்டை ஒரு 30. மொத்தம் ஏறக்குறைய 560 கிலோ. 570 என்று வைத்துக்கொண்டு கணக்குப் போடுவோம்.

இப்போது ஆசாரியின் படம். ப்ளைவுட் என்பதால் அது தப்பு இல்லை. ப்ளையை மட்டும் வைத்தே நல்ல ஸ்டாண்ட் செய்யலாம். தப்பு எங்கே என்றால், மேல் பலகை பக்கப் பலகைகளின் *மேல்* உட்காரவில்லை, *நடுவில்* தொங்குகிறது. 570 கிலோவும் ஒரு பக்கத்துக்கு ஏழெட்டு ஸ்க்ரூவின் கழுத்தில் நிற்கும். ஸ்க்ரூ உடனே முறியாது. ப்ளையின் ஓரத்தில் ஏறிய ஸ்க்ரூ மாதம் மாதம் மயிரிழை மயிரிழையாக மரத்தைக் கிழித்துக்கொண்டு இறங்கும். ஒரு மூலை 2 மி.மீ. இறங்கினால் போதும், தொட்டி மூன்று மூலையில் நிற்கும். கண்ணாடிகளை ஒட்டிய சிலிக்கான் தையல் பிரிவது அப்போதுதான். கட்டில், அலமாரிக்கு இந்த இணைப்பு போதும். அவற்றில் அரை டன் எடை இருபத்து நாலு மணி நேரமும் ஏறி உட்கார்ந்திருப்பதில்லை.

விதி ஒன்றுதான்: கண்ணாடியிலிருந்து தரை வரை மரம் மரத்தின் மேல் உட்கார வேண்டும். ஸ்க்ரூ, பசை எல்லாம் நகராமல் பிடித்துக்கொள்ள மட்டும். எல்லா ஸ்க்ரூவையும் கழற்றிவிட்டாலும் அடுக்கி வைத்த மாதிரி எடை தாங்க வேண்டும். படத்தை அப்படிப் பார்த்து சோதியுங்கள்.

கட்டை மரத்தில் இப்படிச் செய்யலாம். 4க்கு 2 சட்டம் இழைத்தபின் 3¾×1¾ இன்ச் நிற்கும், 6க்கு 2 இழைத்தால் 5¾×1¾. கீழே உள்ள அளவுகள் இழைத்தபின் வரும் அளவுகள்.

மேல் சட்டம்: முன்னால் 6க்கு 2, பின்னால் 4க்கு 2, இரண்டும் 48 இன்ச். பக்கச் சட்டம் 4க்கு 2, 20½ இன்ச், முன் பின் சட்டங்களுக்கு இடையில். குறுக்கே இன்னும் இரண்டு 20½, பதினாறு இன்ச்சுக்கு ஒன்றாக. எல்லாம் நெட்டாக (அகலமான முகம் செங்குத்தாக), மேல்முகம் ஒரே மட்டத்தில்.

கீழ்ச் சட்டமும் அப்படியே, ஆனால் முழுக்க 4க்கு 2.

கால்கள்: முன்கால் இரண்டு, 21¾ இன்ச். பின்கால் மூன்று (நடுவில் ஒன்று), 23¾ இன்ச். இவை நீளச் சட்டத்துக்கு நேர் கீழே, கீழ்ச் சட்டத்தின் மேல் நிற்கும். பக்கச் சட்டத்தின் ஒவ்வொரு முனைக்கும் அடியில் 2க்கு 2 கட்டை ஒன்று, 23¾, ஆக நான்கு. மேலிருந்து பார்த்தால் ஒவ்வொரு மூலையும் "ட" மாதிரி இருக்கும். அந்த உள்மூலையில் 31 இன்ச் நீளத்தில் இன்னொரு 2க்கு 2. இது எடை தாங்குவதற்கு அல்ல. மேல் சட்டம், கால், கீழ்ச் சட்டம் மூன்றையும் ஒன்றாகக் கட்டிப் போடும் முதுகெலும்பு. அதனால்தான் ¼ இன்ச் குறைவு. மேல் பலகையை இது முட்டக் கூடாது.

மரக் கணக்கு: 4க்கு 2 ஏறக்குறைய 35 அடி, சேதாரம் சேர்த்து 40 அடி. 6க்கு 2 நாலரை அடி. 2க்கு 2 இருபத்தோரு அடி. மொத்தம் மூன்றேகால் கன அடிக்குள் முடியும்.

ப்ளை: 18 மி.மீ. ஒரு ஷீட். பாதி மேல் பலகைக்கும் கீழ்த் தட்டுக்கும், மீதி கதவுக்கு. 12 மி.மீ. ஒரு ஷீட், முதுகுக்கும் இரண்டு பக்கத்துக்கும். முதுகுப் பலகை 12 மி.மீ. இருக்கட்டும். அது அலங்காரம் இல்லை. ஸ்டாண்ட் இடம் வலமாக ஆடாமல் இருப்பது அதனால்தான். கால் எவ்வளவு தடிமனாக இருந்தாலும் பக்கவாட்டு ஆட்டத்தைத் தடுக்காது, தீப்பெட்டியின் உறையைப் பக்கத்திலிருந்து தள்ளினால் மடிகிற மாதிரி மடியும். முதுகில் ஒட்டிய பலகைதான் தடுக்கும். 6 மி.மீ.யைச் சின்ன ஆணியில் அடித்தால் நாளடைவில் ஆணி ஓட்டை பெருத்துவிடும். பசை தடவி, ஆறு இன்ச்சுக்கு ஒரு ஸ்க்ரூ.

நான்காம் கேள்விக்கு: பிரேம் இல்லாத தொட்டி என்பதால் ஆமாம், 12 மி.மீ. தெர்மாகோல் அல்லது அடர்த்தியான ஃபோம் ஷீட். மணல் துகள், ஸ்க்ரூ தலை, ப்ளையின் சின்ன மேடு இவற்றை அது விழுங்கும். சட்டம் வளைந்திருந்தால் அதைச் சரி செய்யாது. அடியில் பிளாஸ்டிக் பிரேம் உள்ள தொட்டிக்கு மட்டும் வைக்காதீர்கள். அதில் கண்ணாடியின் அடிப்பாகம் தொங்கலாக இருக்கும், ஃபோம் மேலே பிதுங்கி அதைத் தள்ளும்.

---

சம்ப்வாசி

மூணாவது கேள்விக்கு என் பங்கு. நடுக்கால் பற்றி ரெண்டு கட்சி உண்டு. "நடுக்கால் இல்லாத ஸ்டாண்ட் ஸ்டாண்டே இல்லை" என்பது ஒண்ணு. நடுக்கால் வெச்சா முன்பக்கம் பதினெட்டு பதினெட்டு இன்ச்சா ரெண்டு வாசல்தான் கிடைக்கும், 30 இன்ச் சம்ப் நேரா போகாது. அப்போ வழி ரெண்டு:

அ) சம்ப்பைப் பக்கவாட்டில் நுழைக்கிறது. மேலே அண்ணன் சொன்ன அளவில் பக்க வாசல் 24 இன்ச்சில் ரெண்டு பக்கமும் 3½ போக 17 இன்ச் இருக்கு. 14 இன்ச் சம்ப் தாராளமா போகும். ஆனா அந்தப் பக்கம் சுவரோ சோபாவோ இருந்தா பின்னாடி ஒரு நாள் சம்ப் ஒழுகினா வெளியே எடுக்க முடியாது. தொட்டியைக் காலி பண்ணி ஸ்டாண்டையே நகர்த்தணும்.

ஆ) அண்ணன் போட்ட மாதிரி முன்சட்டத்தை 6க்கு 2 ஆக்கிட்டு நடுக்காலை விடறது. என் ஓட்டு இதுக்குத்தான். வாசல் 40½ அகலம், 21 உயரம். 15 இன்ச் சம்ப் நுழைஞ்ச பிறகு சட்டத்துக்கு அடியில் 6 இன்ச், உள்ளே மேல் பலகை வரைக்கும் கிட்டத்தட்ட 12 இன்ச். ஃபில்டர் சாக்கைத் தூக்கி எடுக்க, மோட்டாரைக் கழட்ட அது வேணும். ஒரே ஒரு விஷயம், குறுக்குச் சட்டம் ஃபில்டர் சாக்குக்கு நேர் மேலே வராத மாதிரி சம்ப்பின் அறைகளைப் பார்த்து வெச்சுக்கோங்க. ஓரிரு இன்ச் இப்படி அப்படி நகர்த்தினா ஒண்ணும் ஆகாது.

கரண்ட் போற ஊரு, அதனால இன்னொரு கணக்கு. மோட்டார் நின்னா தொட்டியிலிருந்து தண்ணி ஓவர்ஃப்ளோ விளிம்பு வரைக்கும் கீழே இறங்கும். இந்தத் தொட்டியில் 1 இன்ச் தண்ணின்னா 18 லிட்டர். சம்ப்பில் எப்பவும் 25 லிட்டருக்காவது காலியிடம் விட்டுத்தான் ஓட்டணும். இல்லேன்னா ஸ்டாண்ட் எவ்வளவு உறுதியா இருந்தும் கீழ்த்தட்டு ஊறியே போயிடும். சம்ப்பிலிருந்து தண்ணியை மேலே ஏத்துற ரிட்டர்ன் குழாயின் வாய் தண்ணிக்குள்ள ஆழமா இருந்தா அதுவழியாவும் சைஃபன் ஆகும். தண்ணி மட்டத்துக்கு ஒட்டி கீழே சின்ன ஓட்டை போடணும்.

கீழ்த்தட்டைச் சுத்தி 1 இன்ச் உயரத்துக்குச் சின்ன சட்டம் ஒட்டி, மூலையெல்லாம் சிலிக்கான் இழுத்துட்டா அது ஒரு தட்டு மாதிரி ஆயிடும். சம்ப் உட்கார்ந்த இடம் போக 10 லிட்டர் வரைக்கும் தாங்கும். தரை நனையறதுக்கு முன்னாடி நமக்குத் தெரிஞ்சிடும்.

முதுகுப் பலகையில் குழாய்க்கும் காத்துக்கும் 4 இன்ச் ஓட்டை மேலே ரெண்டு, கீழே ரெண்டு. சதுரமா வெட்டாதீங்க, வட்டமா. மூலையிலிருந்துதான் ப்ளை கிழிய ஆரம்பிக்கும். காத்து போகலேன்னா ஆறு மாசத்தில் கதவு உள்பக்கம் பூஞ்சை பிடிக்கும், கீல் துருப்பிடிக்கும்.

ப்ளக் போர்டு பக்கப் பலகையில் உசரமா, சம்ப்புக்கு நேர் மேலே இல்லாம. ஒயர் ஒவ்வொண்ணும் ப்ளக்குக்குக் கீழே ஒரு தொங்கல் விட்டு மேலே ஏறணும், ஒயர் வழியா வழிஞ்ச தண்ணி தொங்கலில் சொட்டிடும். 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (கரண்ட் கசிஞ்சா தானா ஆஃப் ஆகுற ஸ்விட்ச்) இருக்கான்னும் பாத்துக்கோங்க.

---

கௌராமி48

இருவருக்கும் நன்றி. ஆசாரியிடம் காட்டினேன். அவர் கேட்பது: "4க்கு 2 சட்டத்தைப் படுக்கப் போட்டால் பலகை உட்கார அகலம் அதிகம், உயரமும் மிச்சம். ஏன் நெட்டாகப் போடணும்?"

மரக்கடையில் தேக்கு, வேங்கை, படாக், பைன் நான்கும் இருக்கிறது. வேங்கை விலை ஒத்து வருகிறது. ரப்பர் மரத்தையும் சொல்கிறார்கள். எது?

இன்னொரு பயம், இரண்டாம் மாடித் தளம் இந்த எடையைத் தாங்குமா?

---

இழைப்புளி

படுக்கப் போடவே கூடாது. சட்டத்தின் விறைப்பு அதன் அகலத்தோடு நேராகத்தான் கூடும். உயரத்தோடு மும்மடியாகக் கூடும். அதே கட்டை, அதே விலை, படுக்கப் போட்டால் நாலரை மடங்கு அதிகமாக வளையும். இந்தத் தொட்டியில் ஒரு நீளச் சட்டத்துக்கு 285 கிலோ. தேக்கு என்று வைத்துக்கொண்டால் 40 இன்ச் இடைவெளியில் வளைவு இப்படி வரும்:

4க்கு 2, படுக்கை, நடுக்கால் இல்லை: 5½ மி.மீ.
4க்கு 2, நெட்டு, நடுக்கால் இல்லை: 1.2 மி.மீ.
6க்கு 2, நெட்டு, நடுக்கால் இல்லை: 0.3 மி.மீ.
4க்கு 2, நெட்டு, நடுக்காலோடு: 0.1 மி.மீ.க்கும் கீழே

இது தண்ணீர் நிரப்பிய அன்றைய வளைவு. மரம் நிரந்தர எடையில் மெல்ல மெல்ல இன்னும் தொய்யும், சில வருடத்தில் இதே அளவு இன்னொரு பங்கு சேரும் என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்போதும் 6க்கு 2 முக்கால் மி.மீ.க்குள் நிற்கிறது. அதனால் முன்னால் அதை நம்பலாம். 4க்கு 2-ஐ நெட்டாகப் போட்டு நடுக்காலையும் விட்டால் இரண்டரை மி.மீ. வரை போகும். உடனே உடையாது என்றாலும் நான் அதைச் செய்ய மாட்டேன். பின்னால் நடுக்கால் யாருக்கும் இடைஞ்சல் இல்லை, அதை ஏன் விட வேண்டும்?

6க்கு 2-இல் முடிச்சு இருந்தால் அது மேல்முகத்துப் பக்கம் வரட்டும். கீழ்முகம்தான் இழுபடும் பக்கம். நடுவில், கீழ் விளிம்பில் பெரிய முடிச்சு உள்ள கட்டையைக் கடையிலேயே ஒதுக்குங்கள். கதவுக் காந்தம், பூட்டு என்று அந்தக் கீழ் விளிம்பில் பள்ளம் செதுக்கவும் விடாதீர்கள்.

மரம். தேக்கு நல்லது. ஆனால் வைரம் பாய்ந்த பகுதியாக இருந்தால்தான். வெளிறிய மேல்பகுதியைக் கரையான் தேக்கு என்றெல்லாம் பார்ப்பதில்லை. வேங்கை உறுதியில் குறைவில்லை, ஆனால் நனைந்தால் பழுப்புச் சாயம் விடும். வெள்ளை டைல்ஸ் மேல் அந்தக் கறை போகாது. வேங்கை எடுத்தால் கால், சட்டத்தின் வெட்டுமுகம் உட்பட எல்லாப் பக்கமும் சீலர் அடித்து மூட வேண்டும். படாக் தாராளமாக எடுக்கலாம். பைன் மென்மையானது. அளவை ஒரு படி கூட்ட வேண்டும், பூச்சிக்கு மருந்தும் வேண்டும். ரப்பர் மரத்தைக் கட்டிலுக்கு விடுங்கள். ஈரமும் காற்றோட்டமின்மையும் சேர்ந்த இடத்தில் பூஞ்சையும் துளைப்பூச்சியும் முதலில் பிடிப்பது அதைத்தான்.

இந்த நான்கையும் விட நான் முதலில் தேடச் சொல்வது, வீடு இடித்த பழைய மரம் விற்கும் கடை. உத்திரம், கைமரம், பழைய நிலைச் சட்டம் கிடைக்கும். நாற்பது ஐம்பது வருடம் காய்ந்தது, இனி முறுக்காது. அறுப்பதற்கு முன் காந்தத்தை ஓட்டிப் பாருங்கள். உள்ளே ஆணி இருந்தால் ரம்பத்தின் பல் போகும், இழைப்பு மெஷின் பிளேடும் போகும். மில்காரர் அதற்குத் தனியாகக் கேட்பார்.

புது மரம் என்றால் ஈரப்பதம்தான் எல்லாவற்றுக்கும் மேல். மீட்டர் வைத்துப் பார்த்தால் 12 முதல் 15 சதவீதம் இருக்க வேண்டும். மீட்டர் இல்லையென்றால், ஒரே அளவில் இரண்டு கட்டையைக் கையில் தூக்குங்கள், கனமானது பச்சை. பச்சை மரத்தில் செய்த ஸ்டாண்ட் அன்றைக்குக் கல் மாதிரி நிற்கும். மூன்று மாதத்தில் அகலவாட்டில் சுருங்கும். மேல் சட்டம் 3 மி.மீ. குறையும், கால் நீளவாட்டில் அநேகமாகக் குறையவே குறையாது. எல்லாச் சட்டமும் ஒரே அளவு சுருங்கினால் பரவாயில்லை. ஒன்று காய்ந்தது, ஒன்று பச்சை என்று கலந்தால்தான் வில்லங்கம். கட்டைகளுக்கு நடுவே சின்ன ரீப்பர் வைத்து, நிழலில் அடுக்கி, இரண்டு மூன்று வாரமாவது விட்டு, அதன்பின் இழையுங்கள்.

ப்ளையில் ஐஎஸ் 710 (தண்ணீர் தாங்கும் மரைன் ப்ளை) முத்திரை பாருங்கள். ஐஎஸ் 303-இல் எம்ஆர் என்று எழுதியது வேண்டாம், அது ஈரக் காற்றுக்குத்தான், தேங்கிய தண்ணீருக்கு அல்ல. சந்தேகம் இருந்தால் ஒரு துண்டை நாலைந்து மணி நேரம் கொதிக்க வையுங்கள். ஓரத்தில் அடுக்கு பிரிந்தால் முத்திரை மட்டும்தான் 710. பார்ட்டிகிள் போர்டு, எம்டிஎஃப் இரண்டும் கதவுக்குக் கூட வேண்டாம்.

பசை: தண்ணீர் தாங்கும் வகை, ஃபெவிகால் மரைன் போன்றது. கிளாம்ப் போட்டு ஒரு இரவு விடுங்கள். ஸ்க்ரூ: 8 நம்பர், 75 மி.மீ., ஸ்டெயின்லெஸ் 304. ஜிப்சம் போர்டுக்கு அடிக்கும் கறுப்பு ஸ்க்ரூவைத்தான் பெரும்பாலும் பெட்டியிலிருந்து எடுப்பார்கள். அது கடினமான மரத்தில் தலை முறியும், ஈரத்தில் துருப்பிடிக்கும். 3 மி.மீ. பிட்டில் முன்துளை போடாமல் முனையோரத்தில் ஸ்க்ரூ ஏற்றினால் தேக்கு நீளமாகப் பிளக்கும்.

சட்டம் கூட்டும்போது மூலைமட்டத்தை மட்டும் நம்பாதீர்கள். மூலைக்கு மூலை டேப் பிடியுங்கள், இரண்டு பக்கமும் 1363 மி.மீ. வர வேண்டும். காலின் இரண்டு முனையும் மெஷினில் ஒரே செட்டிங்கில் வெட்டப்பட வேண்டும். கையால் அறுத்த கால் அரை மி.மீ. வித்தியாசம் இருந்தாலும், எடை நான்கு காலில் போகாது, இரண்டில் போகும்.

---

தளமும்_தூணும்

மாடித் தளம் பற்றி. வீட்டுத் தளங்களை ஐஎஸ் 875-இன் (கட்டடச் சுமைக்கான இந்தியத் தரவிதி) படி சதுர மீட்டருக்கு 200 கிலோ அளவு பயன்பாட்டு எடைக்கு வடிவமைப்பார்கள். உங்கள் தொட்டி 570, ஸ்டாண்ட் கதவோடு 90, சம்ப் 90. மொத்தம் 750 கிலோ, 0.74 சதுர மீட்டரில். அதாவது சதுர மீட்டருக்கு ஆயிரம் கிலோ. இந்த எண்ணைப் பார்த்தே பலர் தொட்டியை விட்டுவிடுகிறார்கள். தேவையில்லை. அந்த 200 கிலோ அறை முழுக்கப் பரவிய எடைக்கான கணக்கு. 10×12 அடி ஹாலுக்கு மொத்தம் 2,200 கிலோ வருகிறது. எடை எவ்வளவு என்பதோடு எங்கே வைக்கிறீர்கள் என்பதும் சேர்ந்துதான் கேள்வி.

தளத்தின் நடுவில் வைத்தால் வளைவு அதிகம். பீமை ஒட்டி வைத்தால் எடையில் பெரும்பங்கு நேராகப் பீமுக்குப் போய்விடும். அறையின் மூலை, இரண்டு பீம் சேருமிடம், எல்லாவற்றிலும் நல்லது.

"சுவரை ஒட்டி வைத்தேன்" என்பது மட்டும் போதாது. 4½ இன்ச் தடுப்புச் சுவராக இருந்தால் அதன் அடியில் பீம் இல்லாமலே இருக்கலாம், அந்தச் சுவரே தளத்துக்கு ஒரு சுமை. பீம் எங்கே என்று தெரிய உங்கள் தலைக்கு மேலே உள்ள கூரையைப் பாருங்கள். அடுக்குமாடியில் ஒவ்வொரு மாடியும் பெரும்பாலும் ஒரே அமைப்பு. உங்கள் கூரையில் பீம் இறங்கியிருக்கும் இடத்துக்கு நேர் கீழேதான் உங்கள் தரைக்கு அடியிலும் பீம் இருக்கும்.

தூண் இல்லாமல் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் பால்கனியில் இந்த அளவுத் தொட்டி கூடவே கூடாது. கீழே இருப்பவர் வீட்டுக் கூரையில் ஏற்கெனவே கம்பி துருப்பிடித்துக் காரை உதிர்ந்திருந்தால், எந்த மூலையானாலும் ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் நேரில் பார்க்காமல் வைக்காதீர்கள்.

டைல்ஸ்: வைக்கப் போகும் இடத்தில் சாவியால் தட்டிப் பாருங்கள். "டொக் டொக்" என்று வெற்றொலி வந்தால் அடியில் கலவை பிடிக்கவில்லை. தனித்தனிக் கால் வைத்த ஸ்டாண்டில் அந்த டைல் உடையும். இழைப்புளி சொன்ன மாதிரி கீழ்ச் சட்டம் முழுதாகத் தரையில் படுத்திருந்தால் எடை பரவிப் போகும். ஸ்டீல் புஷ், சக்கரம், உயரம் மாற்றும் ஸ்க்ரூ கால் எதுவும் அடியில் வேண்டாம்.

---

கப்பி_ராஜா

இவ்வளவு மெனக்கெடலுக்கு ஒன்றரை இன்ச் ஸ்கொயர் பைப்பில் வெல்டிங் வைத்து, மேலே ப்ளை போட்டு மூடினால் வெளியே மரம் மாதிரிதானே தெரியும்? பாதி நாளில் முடியும்.

---

சம்ப்வாசி

முடியும், தப்பில்லை ப்ரோ. ஆனா மூடின இரும்புக்கு உள்ளே என்ன நடக்குதுன்னு கண்ணுக்குத் தெரியாது. சம்ப் மேலே எப்பவும் ஈரக்காத்து. வெல்டிங் பத்த வெச்ச இடத்தில் பெயின்ட் சரியா ஏறலேன்னா துரு அங்கேதான் ஆரம்பிக்கும். கடல் மீன் தொட்டின்னா இன்னும் வேகம். அதோட வெல்டிங் சூட்டில் பிரேம் லேசா முறுக்கிக்கும், மேல்முகம் மட்டமா இருக்கான்னு பார்க்காமலே கொண்டு வந்து இறக்கிடுவாங்க. அவர் மரம்னு முடிவு பண்ணிட்டார், விடுங்க.

---

கௌராமி48

படம் திருத்தியாயிற்று. முன்னால் 6க்கு 2, பின்னால் நடுக்கால், முதுகு 12 மி.மீ. இடம், பீம் உள்ள மூலை.

கடைசியாக ஒன்று. ஹால் தரை பால்கனிப் பக்கம் வாட்டமாக இருக்கிறது. ரசமட்டம் வைத்துப் பார்த்தால் 4 அடிக்கு 6 மி.மீ. இறக்கம். தொட்டிக்கும் ஸ்டாண்டுக்கும் நடுவில் ஒரு பக்கம் தெர்மாகோலைத் தடிமனாக வைத்துச் சரிசெய்யலாமா?

---

இழைப்புளி

கூடாது. மட்டம் எப்போதும் ஸ்டாண்டுக்கு அடியில்தான். மேலே தெர்மாகோலை ஒரு பக்கம் கூட்டினால், கனமான பக்கம் அழுந்தி, நடுவில் எங்கோ ஒரு இடத்தில் கண்ணாடி அந்தரத்தில் நிற்கும்.

மைக்கா துண்டு 1 மி.மீ. கடினம், அழுந்தாது, ஊறாது. ஆசாரியிடம் மிச்சம் கட்டாயம் இருக்கும். காலி ஸ்டாண்டை இடத்தில் வைத்து, இறங்கிய பக்கம் ஆறு, அடுத்து ஐந்து, நான்கு என்று படிப்படியாக, எட்டு இன்ச்சுக்கு ஓர் அடுக்கு வீதம் கீழ்ச் சட்டத்துக்கு அடியில் செருகுங்கள். நான்கு மூலையில் மட்டும் செருகி நடுவை விட்டால் கீழ்ச் சட்டம் பாலம் மாதிரி ஆகிவிடும், மேலே செய்த வேலை எல்லாம் வீண். ஒவ்வொரு காலுக்கும் நேர் அடியில், பின் நடுக்கால் உட்பட, துண்டு இருந்தே ஆக வேண்டும். குறுக்குச் சட்டங்களுக்கு அடியிலும் போடுங்கள்.

இதில் ஒன்றைப் பிரித்துப் பாருங்கள். தொட்டி முழுவதும் ஒரே பக்கம் ஓரிரு மி.மீ. சாய்ந்திருப்பது கண்ணுக்குத்தான் உறுத்தல், கண்ணாடிக்கு ஆபத்து குறைவு. முறுக்கு வேறு. மூன்று மூலை ஒரு மட்டம், நாலாவது மூலை 2 மி.மீ. கீழே என்றால் தையல் அதைப் பொறுக்காது. முறுக்கு இருக்கிறதா என்று பார்க்க ரசமட்டம் தேவையில்லை. மேல் பலகையில் மூலைக்கு மூலை இரண்டு நூலை இறுக்கமாகக் கட்டுங்கள், நான்கு முனையிலும் ஒரே தடிமன் துண்டு வைத்து. நடுவில் இரண்டு நூலும் ஒன்றையொன்று லேசாகத் தொட வேண்டும். மேல் நூல் தூக்கி நின்றால் ஸ்டாண்ட் முறுக்கியிருக்கிறது. மேல் நூல் கீழ் நூலை அழுத்தினாலும் அதேதான், எதிர்ப்பக்கம். இரண்டு நூலையும் மேல்கீழ் மாற்றி இன்னொரு தரம் பார்த்துவிடுங்கள்.

நிரப்பும்போது நாலில் ஒரு பங்கு தண்ணீர் விட்டு, மட்டம் பாருங்கள். பாதி நிரப்பி, மறுபடி. பாதியில் ஒரு நாள் அப்படியே விடுங்கள், மணலும் கல்லும் இப்போதைக்கு வேண்டாம். மறுநாள் நான்கு மூலையிலும் தண்ணீர் விளிம்பிலிருந்து எவ்வளவு கீழே இருக்கிறது என்று ஸ்கேலால் அளந்து, ஸ்டாண்ட் உள்பக்கம் பென்சிலால் எழுதி வையுங்கள். முழுக்க நிரப்பி இரண்டு நாள் கழித்து அதே நான்கு மூலை, அதே ஸ்கேல். ஒரு மூலையும் மற்ற மூன்றிலிருந்து 1 மி.மீ.க்கு மேல் விலகியிருக்கக் கூடாது. விலகினால் தண்ணீரைப் பாதிக்குக் கீழே இறக்கிவிட்டுத்தான் மைக்கா செருக வேண்டும். நிரம்பிய தொட்டியைக் கடப்பாரையால் நெம்பித் தூக்கும் வேலைக்கு யாரையும் விடாதீர்கள்.

துண்டுகளின் வெளியே நீட்டிய முனைகளை ஒரு வாரம் கழித்து வெட்டிக்கொள்ளலாம். கீழே ஸ்கர்ட்டிங் பட்டை அடிப்பது அதற்கு அப்புறம்.